பள்ளிக்கூடம் அதிகம் காணாத பேராசிரியர்: கூர்ட் மாலர், 1903–1988

நூற்றாண்டு மலருக்கு 1983ஆம் ஆண்டு உயர்தரக் கணித வகுப்பின் பங்காக ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டபோது, நாம் ஏழு பேரும் தொலைபேசியில் கூடிப் பேசினோம். கொட்டாஞ்சேனையில் இன்னும் இருப்பவர் ஒருவர்தான். மற்றவர்கள் லண்டன், ரொறன்ரோ, சிட்னி, சென்னை என்று சிதறிவிட்டோம். ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் மணியையும், மூட்டை ஏற்றிப் போகும் கைவண்டிகளையும், மழை பெய்தால் ஒழுகும் மேல்மாடி யன்னலையும் பற்றி மற்ற வகுப்பினர் எப்படியும் எழுதுவார்கள். ஆகவே நாம் எமது வகுப்பறையில் ஒரே ஒரு நாள் பெயர் கேட்ட ஒரு மனிதரின் வாழ்க்கையை எழுதுவதென்று முடிவு செய்தோம்.

1983 முதலாந் தவணையில் ஒரு நாள், தூய கணிதம் படிப்பித்த எமது ரீச்சர் பாடத்திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கரும்பலகையில் ஒரு வட்டம் கீறினார். வட்டத்தைச் சுற்றி, அதைத் தொட்டபடி ஒரு சதுரம். வட்டத்துக்கு உள்ளே, தொட்ட நான்கு புள்ளிகளையும் மூலைகளாகக் கொண்டு சாய்ந்து நிற்கும் இன்னொரு சதுரம். மார்கழிக் கோலத்தின் நடுப்பகுதி போலிருந்தது. வட்டத்தின் ஆரை 1. வெளிச் சதுரத்தின் பரப்பு 4, உட்சதுரத்தின் பரப்பு 2. இரண்டையும் பெருக்கச் சொன்னார், 8 வந்தது. தளத்தில் இப்படிச் சோடி சேரும் உருவங்களின் பெருக்கம் 8இற்குக் கீழே இறங்காது என்று மாலர் என்பவர் நிறுவியிருக்கிறார், திண்மங்களுக்கு இதே கேள்வியைக் கேட்டால் உலகத்தில் ஒருவருக்கும் விடை தெரியாது என்றார். மணி அடித்தது. வெண்கட்டித் தூசியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் யார் என்று ரீச்சர் சொல்லவில்லை. குஸ்தாவ் மாலர் என்ற இசையமைப்பாளரின் பெயரை எங்கோ வாசித்திருந்த எம்மில் ஒருத்தி அவரேதான் இவர் என்று சாதித்தாள். அது பிழை. இவர் கூர்ட் மாலர். இவருடைய கதை எமக்குத் தெரியவந்தது பல வருடங்களுக்குப் பிறகு, லண்டன் நூலகமொன்றில் எம்மில் ஒருத்தி றோயல் சங்கத்தின் நினைவுக் கட்டுரைத் தொகுதியைக் கண்டெடுத்தபோதுதான்.

கூர்ட் மாலர் 1903 யூலை 26ஆந் திகதி ஜேர்மனியில், றைன் நதிப் பக்கத்து ஊரான கிறெபெல்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பட்டுக்கும் வெல்வெட்டுக்கும் பெயர் போன நெசவு நகரம் அது. ஆனால் மாலர் குடும்பத்தினர் நெசவாளர்கள் அல்லர். அச்சகமும் புத்தகம் கட்டும் தொழிலும் செய்தார்கள். எட்டுப் பிள்ளைகளில் நான்கு பேர் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். கூர்ட்டும் இரட்டைச் சகோதரியான ஹில்டாவும் கடைக்குட்டிகள். வீட்டில் பல்கலைக்கழகம் போனவர் ஒருவரும் இல்லை. வாசிக்கும் பழக்கம் மட்டும் எல்லோருக்கும் இருந்தது.

ஐந்து வயதில் அவருடைய வலது முழங்காலில் காசநோய் பிடித்தது. நுரையீரலில் மட்டுமல்ல, எலும்பு மூட்டிலும் அந்நோய் வரும் என்பதை எமது தாய்மாரின் தலைமுறையினர் அறிவார்கள். மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். கீறித் துப்புரவாக்குவதும், படுக்கையில் வைத்திருப்பதும்தான் வைத்தியம். சத்திரசிகிச்சை மேல் சத்திரசிகிச்சையாக அது முப்பது வருடம் இழுத்தது. 14 வயது நிரம்பும் வரையில் அவர் பாடசாலைக்குப் போனது மொத்தமாக நான்கு வருடங்கள். இந்த எண்ணை நாம் நம்ப முடியாமல் இரண்டு தரம் சரிபார்த்தோம். இடையில் சிறிது காலம் ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு உட்கார்ந்து செய்யும் கைத்தொழில் ஒன்று வேண்டும் என்று பெற்றோர் நினைத்ததில் வியப்பில்லை. நுண்கருவிகள் செய்யும் தொழிலாளியாக வரட்டும் என்று தொழிற்பாடசாலைக்கு அனுப்பினார்கள். 1918இல் கிறெபெல்ட்டிலுள்ள ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் பயிலுநராகச் சேர்ந்தார். ஒரு வருடம் வரைபடப் பகுதியில், ஏறக்குறைய இரண்டு வருடம் பட்டறையில். ஆனால் அதற்கு முன்பே, 1917 கோடையில், அவர் தானாகவே மடக்கை படிக்கத் தொடங்கியிருந்தார். பிறகு திரிகோணகணிதம், ஆள்கூற்றுக் கேத்திரகணிதம், நுண்கணிதம். பிறகு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பெரிய புத்தகங்கள். பல்கலைக்கழக மாணவர்களே திணறும் நூல்களைப் பட்டறை வேலை முடிந்து வந்த பின் தனியே வாசித்தார். தானாகச் சில கணிதக் குறிப்புகளும் எழுதி வைத்தார்.

அந்தத் தாள்களை வெளியே கொண்டு போனவர் தந்தை. மகன் எழுதுவது இன்னதென்று அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் அவற்றை எடுத்துக்கொண்டு ஊர்ப் பாடசாலையொன்றின் அதிபரான யோசேப் யுங்கரிடம் போனார். யுங்கர் கணிதத்தில் பட்டம் பெற்றவர். தன் பாடசாலைப் பிள்ளை இல்லையென்று திருப்பி அனுப்பாமல் வாசித்துப் பார்த்தார். தாள்களைக் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பீலிக்ஸ் கிளைனுக்கு அனுப்பினார். அக்காலத்து ஜேர்மன் கணித உலகில் கிளைனுக்கு மேல் ஆள் இல்லை. முதியவரான கிளைன் அவற்றைத் தம் உதவியாளரான கார்ல் லுட்விக் சீகலிடம் கொடுத்தார். இந்தப் பையனைப் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்குத் தயார்ப்படுத்த வேண்டும் என்று சீகல் பதில் எழுதினார்.

எமது ஊர்களில் இராமானுஜன் கதை எல்லோருக்கும் தெரியும். சென்னைத் துறைமுகக் கந்தோரின் எழுதுவினைஞர் 1913இல் கேம்பிறிட்ஜுக்குக் கடிதம் எழுதினார், ஹார்டி வாசித்தார். மாலரின் கதையில் எமக்குப் பெரிதாகத் தெரிபவர் கிளைனோ சீகலோ அல்லர். கடிதம் வந்த பிறகு, பாடசாலையில் பதிவே இல்லாத ஒரு பட்டறைப் பையனுக்கு இரண்டு வருடம் மொழிகளும் மற்றப் பாடங்களும் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களை ஒழுங்கு செய்த அந்த அதிபர்தான். 1923 இலையுதிர் காலத்தில் மாலர் பரீட்சையில் சித்தியடைந்தார். சீகல் அப்போது பிராங்பேர்ட்டில் பேராசிரியர். நேரே அவரிடம் போனார்.

1925இல் அவர் கொட்டிங்கனுக்கு மாறினார். அங்கே அவருக்குப் படிப்பித்தவர்களில் ஒருவர் எமி நோய்தர். பெண் என்பதால் 1919 வரை தம் சொந்தப் பெயரில் விரிவுரை செய்ய உரிமை இல்லாதிருந்தவர். அதுவரை அவருடைய விரிவுரைகள் ஹில்பேர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன. முதன்மை எண்ணொன்றால் எத்தனை தரம் வகுபடும் என்பதை வைத்து எண்களின் நெருக்கத்தை அளக்கும் ஒரு விசித்திரமான எண்தொகுதியை மாலருக்கு அறிமுகம் செய்தவர் அவரே. வாழ்நாள் முழுவதும் மாலர் அதை விடவில்லை. 1927இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. 1933 வரை கொட்டிங்கனிலேயே தங்கினார். அந்தக் காலத்துச் செலவைப் பார்த்துக்கொண்டவர்கள் பெற்றோரும் கிறெபெல்ட் யூதச் சமூகத்தவரும். பின்னர் ஒரு புலமைப்பரிசிலும் கிடைத்தது. ஊர்ச் சங்கம் காசு சேர்த்துப் பிள்ளையைப் படிக்க வைப்பது எமக்கு மட்டும் உரிய வழக்கம் என்றிருந்தோம்.

1933இல் கொனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் அவருக்கு முதலாவது வேலை கிடைத்தது. பொறுப்பேற்க முன்னரே ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். இனி இங்கே இடமில்லை என்பதை மாலர் உடனேயே விளங்கிக்கொண்டார்; விளங்கப் பலருக்கு ஐந்து வருடம் எடுத்தது. நோய்தரும் அதே வருடம் பதவி நீக்கப்பட்டு, அமெரிக்காவில் பிறின் மோர் என்ற பெண்கள் கல்லூரிக்குப் போய், 1935இல் அங்கேயே காலமானார். மாலர் கோடையில் ஆறு கிழமை அம்ஸ்ரர்டாமில் தங்கினார். பிறகு லூயிஸ் மோர்டல் என்ற பேராசிரியர் பெற்றுக்கொடுத்த புலமைப்பரிசிலில் மன்செஸ்ரருக்கு ஒரு வருடம். அது முடிய, ஒல்லாந்தில் குறோனிங்கன் நகரில் இரண்டு வருடம். அங்குள்ள யூதர்கள் கொடுத்த உதவிப்பணம்.

குறோனிங்கனில் ஒரு சைக்கிள் விபத்து. அடங்கியிருந்த முழங்கால் நோய் மறுபடியும் கிளம்பியது. வலி தாங்க முடியாமல் மோர்பியா கொடுத்தார்கள். மருந்து மூளையை மந்தமாக்கிவிட்டதோ என்ற பயம் அவருக்கு. அதைச் சோதிக்க அவர் எடுத்த வழி அவருக்கே உரியது. 1, 2, 3 என்று எண்களை வரிசையாக எழுதிக்கொண்டே போனால் வரும் தசமம், அதாவது 0.123456789101112 என்று முடிவின்றிப் போவது, முழுவெண் குணகங்கள் கொண்ட எந்தச் சமன்பாட்டுக்கும் மூலமாகாது என்று படுக்கையில் கிடந்தபடி நிறுவினார். மூளை நன்றாகவே இருக்கிறதென்று நிம்மதியடைந்தார். 1937இல் அது அச்சிலும் வந்தது. 1938இல், 35 வயதில், முழங்காற் சில்லையே எடுத்துவிட்டார்கள். சுவிற்சர்லாந்தில் தேறினார். அதன் பிறகு நோய் திரும்பவில்லை. கால் நொண்டல் மட்டும் கடைசி வரை இருந்தது.

1937இலேயே மன்செஸ்ரருக்குத் திரும்பியிருந்தார். நிலையான வேலை இல்லை, சிறு சிறு உதவிப்பணங்கள்தான். ஆனால் மோர்டலைச் சுற்றி டேவன்போர்ட், ஏர்டிஷ், ஹைல்புரோன், சீனத்து கோ சாவோ என்று ஒரு கூட்டம் இருந்தது. பாதிப் பேர் நாடிழந்தவர்கள். இந்த நிலையில்தான் 1939இல் எமது கரும்பலகைச் சதுரங்களின் கட்டுரைகள் இரண்டும் வந்தன. ஒன்று ஒல்லாந்துச் சஞ்சிகையில், மற்றது பிராகாவில் வெளியான சஞ்சிகையில். இரண்டும் ஜேர்மன் மொழியில்.

இங்கே கொஞ்சம் கணிதம். பயப்பட வேண்டாம், கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்.

புள்ளிக் கோலத்தின் புள்ளிகள் நாற்புறமும் முடிவின்றிப் பரந்து கிடப்பதாக நினையுங்கள். நடுப்புள்ளியை மையமாக வைத்து ஓர் உருவம் வரைகிறோம். இரண்டு நிபந்தனைகள். முதலாவது, அது குவிவாக இருக்க வேண்டும். உள்ளே எந்த இரண்டு புள்ளிகளை இணைத்தாலும் கோடு வெளியே போகக் கூடாது. தோசை குவிவு, ஓட்டை உள்ள உளுந்துவடை அல்ல. இரண்டாவது, மையத்தில் வைத்து அரைச்சுற்றுத் திருப்பினால் தன்மேல் தானே பொருந்த வேண்டும். புள்ளிகளின் இடைவெளி 1 என்றால், அந்த உருவத்தின் பரப்பு 4ஐத் தாண்டியதும் நடுப்புள்ளி தவிர இன்னொரு புள்ளியாவது உள்ளே அகப்பட்டே தீரும். இது மின்கோவ்ஸ்கியின் தேற்றம். எண்களைப் பற்றிய கேள்விகளுக்கு உருவங்களின் மூலம் விடை காணும் ஒரு துறையே அதிலிருந்து வந்தது.

மாலர் பார்த்தது உருவத்தையும் அதன் சோடியையும். தூய கணிதம் படித்தவர்களுக்கு முனைவும் முனைவுக் கோடும் நினைவிருக்கலாம். ஆரை 1 உள்ள வட்டத்தின் மையத்திலிருந்து ஒரு புள்ளி 2 அலகு தூரத்தில் இருந்தால், அதே திசையில் அரை அலகு தூரத்தில் குறுக்கே ஒரு கோடு. புள்ளி 10 அலகு போனால் கோடு பத்திலொன்றுக்கு வந்துவிடும். உருவத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் இப்படிக் கோடு கீறிக்கொண்டே போய், எந்தக் கோடும் நுழையாத நடுப்பகுதியை எடுத்தால் அதுதான் முனைவுருவம். ரீச்சர் கீறிய வெளிச் சதுரத்தின் முனைவுருவம் உட்சதுரம். நீளமான உருவத்துக்குக் கட்டையான முனைவுருவம் வரும். ரொட்டி மாவை இழுப்பதுபோல் உருவத்தை ஒரு பக்கமாக இரு மடங்கு இழுத்தால் முனைவுருவம் அந்தப் பக்கமாகப் பாதியாய்ச் சுருங்கும். ஆகவே இரண்டினதும் பரப்புகளின் பெருக்கம் அசையாது. பருமனை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் அளக்கும் எண் அது.

ஆரை 1 உள்ள வட்டத்துக்கு அந்தப் பெருக்கம் பையின் வர்க்கம், ஏறத்தாழ 9.87. ஒழுங்கான அறுகோணிக்குச் சரியாக 9. (பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள், அழகாக வரும்.) சதுரத்துக்கும், அதை இழுத்துச் சரித்து வரும் எந்த இணைகரத்துக்கும் 8. உருண்டையாக இருக்க இருக்க எண் கூடும், மூலை கூர்மையாக இருக்க இருக்கக் குறையும் என்பது கண்ணுக்கே தெரிகிறது. தளத்தில் 8தான் கீழெல்லை என்பதை மாலர் பல்கோணியின் மூலைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக் குறைத்து, பெருக்கம் கூடாமலே இணைகரம் வரைக்கும் கொண்டு வந்து நிறுவினார்.

புள்ளிகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், ஓர் உருவத்துக்குள் எத்தனை புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக அகப்படும் என்ற செய்தியிலிருந்து முனைவுருவத்தைப் பற்றிய செய்தியைப் பெறலாம். ஒரு நாட்டுக் காசை இன்னொரு நாட்டுக் காசாக மாற்றுவது போன்றது அது. அந்தப் பெருக்கம்தான் மாற்று வீதம். வீதம் எவ்வளவு கீழே போகும், எவ்வளவு மேலே போகும் என்று தெரியாமல் வியாபாரம் செய்ய முடியாது.

திண்மங்களுக்கு வந்தால் சதுரத்தின் இடத்தில் சதுரமுகி. அதன் முனைவுருவம் எண்முகி, கீழும் மேலும் ஒட்டிய இரண்டு கூம்பகம் போன்றது. சதுரமுகியின் கனவளவு 8, எண்முகியின் கனவளவு மூன்றில் நான்கு, பெருக்கம் 10⅔. கோளத்துக்கு ஏறத்தாழ 17.55. இவைதான் கீழெல்லையும் மேலெல்லையும் என்று யாரும் ஊகிக்கலாம். மாலர் ஊகித்தார். ஆனால் முப்பரிமாணத்தில் அவரால் நிறுவ முடிந்தது பெருக்கம் 1.78இற்குக் குறையாது, 64ஐத் தாண்டாது என்பது மட்டுமே. அவருடைய எண் கோட்பாட்டு வேலைக்கு அது போதும். மிச்சத்தை அவர் கேள்வியாக விட்டுவிட்டார். இன்று அதை மாலர் ஊகம் என்கிறார்கள். மூலையைக் குறைக்கும் உபாயம் ஏன் திண்மத்தில் பலிக்கவில்லையென்றால், பல்கோணியில் ஒரு மூலையை அசைத்தால் பக்கத்து இரண்டு பக்கங்கள்தான் அசையும். திண்மத்தில் ஒரு மூலையை அசைத்தால் சுற்றியுள்ள முகங்கள் எல்லாம் உடைந்து புதுசாகிவிடும்.

அதே 1939இல் அவர் சீனாவுக்குப் போகவும் ஆயத்தமானார். செச்சுவான் பல்கலைக்கழகத்தில் வேலை என்ற பேச்சு. சீன மொழி படிக்கத் தொடங்கிவிட்டார். யுத்தம் வந்து பயணத்தை நிறுத்தியது. சீன மொழியை மட்டும் அவர் கடைசி வரை விடவில்லை.

1940இல் பிரித்தானிய அரசு அவரை எதிரி நாட்டவர் என்று பிடித்து மூன்று மாதம் தடுப்பு முகாமில் வைத்தது. ஹிட்லருக்குத் தப்பி வந்த யூதரை ஜேர்மன்காரர் என்று அடைப்பது மூடத்தனம் என்று இன்று சொல்லுவது எளிது. அடையாள அட்டையில் உள்ள ஒரு சொல்லுக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முகாமில் மாலர் சக கைதிகளுக்கு மெய்யெண்களை அடியிலிருந்து எப்படிக் கட்டியெழுப்புவது என்று விரிவுரை நடத்தினார். அவருடைய மூத்த சகோதரர் யோசேப் ஜேர்மனியிலேயே அச்சகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவரும் மனைவியும் வதைமுகாமில் காணாமல் போனார்கள்.

முதலாவது நிரந்தரச் சம்பளம், உதவி விரிவுரையாளராக, 1941இல் கிடைத்தது. வயது 38. அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது: 1946இல் பிரித்தானியக் குடியுரிமை, 1948இல் றோயல் சங்க உறுப்புரிமை, 1952இல் பேராசிரியர் பதவி. மணம் செய்யவில்லை. மன்செஸ்ரரில் பல்கலைக்கழகத்தவர் தங்கும் விடுதியில் நெடுங்காலம் இருந்தார். அது மூடப்பட்டபோது சிறிய வீடொன்று வாங்கினார். தனி வீடு அவருக்குப் பிடிக்கவில்லை.

அவர் விட்ட கேள்வி இதற்கிடையில் உலகம் சுற்றியது. மேலெல்லையைக் கோளத்துக்கு உரியதாக முப்பரிமாணத்தில் 1917இலேயே காட்டியவர் ஹம்பேர்க்கின் வில்ஹெல்ம் பிளாஷ்கே. எல்லாப் பரிமாணங்களுக்கும் 1949இல் நிறுவியவர் அவருடைய மாணவர் லூயிஸ் சந்தலோ. பிளாஷ்கே பிற்காலத்தில் நாசிக் கட்சியில் சேர்ந்தவர். சந்தலோ ஸ்பானிய உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தில் நின்று, பிரான்ஸ் வழியாக ஆர்ஜெந்தீனாவுக்கு ஓடியவர். இரண்டு பெயரும் இன்று ஒரே சமனிலியின் தலைப்பில் இணைபிரியாமல் நிற்கின்றன, கணிதத்தின் குறும்பு.

கீழெல்லையில் மாலருக்கு அடுத்த அடியை வைத்தவர் இந்தியர் ஒருவர் என்பது எமக்கு இக்கட்டுரைக்காகத் தேடியபோதுதான் தெரிந்தது. லாகூரில் படித்து, கேம்பிறிட்ஜில் அதே மோர்டலிடம் கலாநிதிப் பட்டம் பெற்ற ஆர். பி. பம்பா. 1955இல் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி மாலரின் எண்ணை உயர்த்தினார். பிறகு சண்டிகாரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கு ஒரு பரம்பரையையே உருவாக்கினார். அந்தப் பரம்பரையில் ஹான்ஸ்-கில், மது றாகா போன்ற பெண் பேராசிரியர்கள் மின்கோவ்ஸ்கி விட்டுச் சென்ற வேறொரு ஊகத்தைப் பரிமாணம் பரிமாணமாக நிறுவி வந்திருக்கிறார்கள். எமது காலத்தில் உயர்தரக் கணிதத்துக்குப் போகும் பெண்பிள்ளையைப் பார்த்து வீட்டார் தலையைச் சொறிந்தது நினைவுக்கு வந்தது.

மாலர் 1963இல் கன்பராவுக்குக் குடிபெயர்ந்து அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பேராசிரியரானார். நாலாவது நாடு. 1968இல் ஓய்வு வயது வந்ததும் அமெரிக்காவில் ஒகையோவில் நான்கு வருடம் படிப்பித்துவிட்டு மறுபடியும் கன்பராவுக்கே வந்தார். பல்கலைக்கழக விடுதியில் வாசம், புகைப்படம் எடுப்பது பொழுதுபோக்கு, சீன நூல்கள், அறிவியற் கதைகள். 200இற்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள். பள்ளிக்கூடம் அதிகம் காணாதவரிடம் கன்பராவில் எண் கோட்பாடு கற்றவர்களில் ஒருவர் ஜோன் கோட்ஸ். பின்னாளில் பெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவிய அன்ட்றூ வைல்ஸின் ஆசிரியர் அவர்.

1983 யூலை 26ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை, மாலருக்கு 80 வயது நிறைந்தது. அன்று நாம் எங்கே இருந்தோம் என்பது எமக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. ஒருத்தி அயல்வீட்டுச் சிங்கள அம்மாவின் கட்டிலுக்குக் கீழே. இருவர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில். மற்றவர்கள் கோயிலிலும் உறவினர் வீட்டிலும். பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்கள் உண்டு. வகுப்பு மறுபடியும் முழுதாகக் கூடவில்லை. சிலர் வேறு ஊரில் பரீட்சை எழுதினோம். ஒருத்தி எழுதவேயில்லை, தையல் இயந்திரம் வாங்கிப் பிழைத்தாள். நான்கு வருடத்துப் பிறகு, வெள்ளவத்தையில் ஓர் ஆசிரியை காசு வாங்காமல் மாலையில் படிப்பிக்க, 24 வயதில் பரீட்சைக்கு உட்கார்ந்து சித்தியடைந்தாள். இன்று ரொறன்ரோவில் கணக்காளர். இக்கட்டுரையில் யுங்கரைப் பற்றிய பந்தியை எழுதியது அவள்தான். குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

மாலர் 1988 பெப்ரவரி 25ஆந் திகதி கன்பராவில் காலமானார். தம் சொத்தை அவுஸ்திரேலியக் கணிதச் சங்கத்துக்கு விட்டுச் சென்றார். அவர் பெயரில் அங்கே விரிவுரைத் தொடர் நடக்கிறது. இறப்பதற்கு முந்திய வருடம்தான் ஜோன் பூர்கெயின், வித்தாலி மில்மன் என்ற இருவர் பெருக்கம் எவ்வளவுதான் கீழிறங்கினாலும் கோளத்தின் எண்ணிலிருந்து கட்டுக்கடங்காமல் விலகாது என்று எல்லாப் பரிமாணங்களுக்கும் நிறுவினார்கள். சரியான எண் அப்போதும் பிடிபடவில்லை.

முப்பரிமாணத்தில் அது பிடிபட்டது 2020இல் அச்சான ஒரு கட்டுரையில். ஜப்பானைச் சேர்ந்த ஹிரோஷி இரியே, மசாதாகா ஷிபாதா என்ற இருவரின் வேலை. பூசணிக்காயை மூன்று வெட்டில் எட்டுச் சமதுண்டாக்குவதுபோல், திண்மத்தை மூன்று தளங்களால் வெட்டி, துண்டுகளின் கனவளவும் வெட்டுமுகங்களும் ஒருங்கே ஒத்துவரும்படி செய்யலாம் என்பது அவர்களுடைய உபாயம். பிறகு வேறு ஐவர் அதைச் சுருக்கமான நிறுவலாக்கினார்கள். 1939இல் கேட்ட கேள்விக்கு 81 வருடம். எமது ரீச்சர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

நாலு பரிமாணத்திலும் அதற்கு மேலும் கேள்வி அப்படியே இருக்கிறது. அங்கே சதுரமுகியின் இனமும் எண்முகியின் இனமும் மட்டுமல்ல, இரண்டும் கலந்த வேறு உருவங்களும் அதே கீழெண்ணில் வந்து நிற்கின்றன. ஒரே பள்ளமாக இருந்தால் தேடலாம். பல பள்ளம் ஒரே ஆழத்தில் கிடந்தால் எந்த வழியாலும் இறங்க முடியாமல் இருக்கிறது. நாலு பரிமாணத்துக்கு மாலர் ஊகித்த எண் 256ஐ 24ஆல் வகுத்தால் வருவது. வகுத்துப் பார்த்தோம்: 10⅔. சதுரமுகிக்கும் எண்முகிக்கும் வந்த அதே எண்.